குத்தம் சொல்லி வண்டி விற்றவர்

கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது எங்கள் வடக்கனந்தலில் அவர் வீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள். வைக்காமலும் இருக்க முடியாது, வைத்தால் வந்துவிடுவார். வந்தால் சும்மா இருக்க மாட்டார். மேடையில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையை நிதானமாகப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம், மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில், "பையனுக்கு எடது தோளு கொஞ்சம் எறக்கம். மத்தபடி ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல" என்பார். மேளக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டுத் தோளை எட்டிப் பார்ப்பார். அதற்கப்புறம் எல்லாரும் பார்ப்பார்கள். அந்தப் பையன் கல்யாண ஆல்பம் முழுக்க வலது தோளைத் தாழ்த்திக்கொண்டு நிற்பான், பாவம்.

அவர் தரகர். முதலில் மாட்டுத் தரகராக இருந்தார். உழவு மாடு வாங்க ஆள் இல்லாமல் போனபோது மூலையில் உட்கார்ந்து அழவெல்லாம் இல்லை. ஒரே வாரத்தில் பழைய வண்டிகளுக்கு மாறிவிட்டார். ஜீப், டிராக்டர், மினி லாரி, கார், எது வந்தாலும் பார்த்தார். தொழில் மாறியதே தவிர முறை மாறவில்லை. எந்த வண்டியையும் முதலில் மூன்று சுற்றுச் சுற்றி வருவார். பின்பக்கத்தில் உள்ளங்கையால் தட்டுவார். பானெட்டைத் திறக்கச் சொல்வதற்கு "வாயத் தொறங்க" என்பார். அப்புறம் சொந்தக்காரரிடம், "படுக்குற பழக்கம் இருக்குதா?" என்று கேட்பார். வண்டி வழியில் நின்றுவிடுமா என்று அர்த்தம். விலை பேசுவது துண்டுக்குள் விரலைத் தொட்டுத்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு டீக்கடை வாசலில், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிப் பையனின் கையைத் துண்டுக்குள் பிடித்துக்கொண்டு, கண்ணோடு கண் பார்த்து அவர் கால் மணி நேரம் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பையன் முகம் சிவந்துபோய்க் கேட்ட விலைக்குச் சரி என்றான். விரல் கணக்கு அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை.

மாட்டுச் சந்தையிலிருந்து அவர் கொண்டுவந்த சட்டம் ஒன்று உண்டு. கயிறு கை மாறுவதற்கு முன்னால் குத்தத்தைச் சொல்லிவிட வேண்டும். குத்தம் என்றால் குறை. மாடு உதைக்குமா, படுக்குமா, பல் விழுந்ததா, எல்லாவற்றையும் கயிறு விற்கிறவன் கையில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். கயிறு மாறிய பிறகு சொல்வது துரோகம், சொல்லாமலே விடுவது அதைவிடத் துரோகம். வண்டிக்குக் கயிறு இல்லாததால் அதைச் சாவி என்று மாற்றிக்கொண்டார்.

வெள்ளிமலைக்காரர் ஒருவருக்கு அவர் ஜீப் விற்றபோது என் மெடிக்கல் ஷாப் வாசலில்தான் பேச்சு நடந்தது. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"பிரேக்க ரெண்டு தடவ அமுக்கணும். மொதோ தடவ சும்மா. மூணாவது கியரு சமயத்துல துப்பிடும். மழ பேஞ்சா வைப்பரு ஓடாது, மழ வுட்டப்புறம் ஓடும். பின் சீட்டுக்கு அடியில எலி குடும்பம் நடத்திக்கினு இருந்துச்சி. போயிடுச்சின்னுதான் நெனக்கிறேன், கண்ணால பாக்கல. அதனால போயிடுச்சின்னு சொல்ல மாட்டேன்."

வாங்க வந்தவர் நொந்துபோய், "அப்ப இதுல நல்லதுன்னு இன்னாதாங்க இருக்குது?" என்றார்.

"ஓடும்."

வெள்ளிமலைக்காரர் வாங்கிக்கொண்டு போனார். எல்லாரும் வாங்கிக்கொண்டு போனார்கள். தரகர் சொன்னதற்கு மேல் ஒரு குத்தம் வண்டியில் இருக்காது என்பது மலைமேலும் தெரியும், கீழேயும் தெரியும். அவர் கையால் தொட்டுப் பார்க்காத ஒன்றை நன்றாயிருக்கிறது என்று சொல்லவே மாட்டார். கண்ணால் பார்க்காததற்கு அவரிடம் ஒரே பதில்தான்: "பாக்கல. சொல்ல மாட்டேன்."

வண்டியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. மனிதர் உலகத்தையே சந்தையாக நினைத்துவிட்டார். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, காப்பி வருவதற்கு முன்னாலேயே, "பொண்ணு கொறட்ட வுடும். கோவம் ஜாஸ்தி. வத்தக்கொழம்பு நல்லா வைக்கும், மத்த கொழம்பெல்லாம் சுமாரு" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் டம்ளரைப் போட்டு உடைத்தார். மாப்பிள்ளையின் அம்மாவோ, இந்த வீட்டில் மறைத்து வைக்க ஒன்றும் இல்லை என்று அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து தரகருக்குத் தலைகால் புரியவில்லை. என் கடைக்கு மாத்திரை வாங்க வந்தாலும் வாடிக்கையாளர்களுக்கு நடுவில் நின்று, "பாப்பா நல்ல பொண்ணு. சில்லறைக்கு மட்டும் மிட்டாய் குடுத்து ஏமாத்தும்" என்பார். எனக்கு வயது முப்பத்தைந்து. பாப்பா!

என் அப்பா இறந்த அன்றைக்கும் வந்தார். மாலையைப் போட்டார். கால்மாட்டில் நின்று அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் மூன்று சுற்று சுற்றாததுதான் பாக்கி.

"நல்ல மனுசன். யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணல" என்றார். "வாயத் தொறந்தா மட்டும் ரீலுதான்."

பந்தலில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில், அதுவும் வாயைப் பொத்திக்கொள்ளாமல். அழுதுகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்த பார்வை அது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, "அந்த ஆளு இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

அவர் சொன்னது பொய்யா என்றால், அதுதான் சங்கடமே. அப்பா ரீல் விடுகிறவர்தான். ஊருக்கே தெரியும். கட்டட வேலை பார்க்கிற சூப்பர்வைசர். நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டாலும் அதில் ஒரு புலி வரும். மெட்ராஸ் பக்கம் ரேசில் ஓட்டியதாகச் சொல்வார். ஒரு நடிகைக்கு லிப்ட் கொடுத்ததாகச் சொல்வார். நடிகையின் பெயர் வருஷத்துக்கு ஒருமுறை மாறும். அம்மா ஊர் முன்னால், "அவரு எதுக்குப் பொய் சொல்லணும்?" என்று விட்டுக்கொடுக்காமல் பேசுவாள். வீட்டுக்குள் வந்ததும், "போதும், நிறுத்துங்க" என்பாள்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் வீட்டில் வேடிக்கையாக இல்லை. அது நான் பிறந்த நாள்.

அப்பாவிடம் ஒரு பழைய சிவப்பு கார் இருந்தது. இரண்டே சீட்டு, தாழ்ந்த உடம்பு, வெளிநாட்டில் செய்தது, அவர் வாங்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது. குடும்பத்தோடு எங்கேயும் போக முடியாத ஒரு வண்டியைக் கல்யாணமான மனுஷன் வாங்குவானா? வாங்கினார். நான் பிறந்த சமயம் அவருக்கு வெள்ளிமலையில் தண்ணீர்த் தொட்டி கட்டும் வேலை. காலையில் அம்மாவுக்கு வலி எடுத்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மலைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மத்தியானம் நான் பிறந்துவிட்டேன். அப்பா சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார், முழங்கால் வரைக்கும் சேறு.

அவர் சொன்ன கதை இது. நல்ல மழை. வழியில் ஓடையைத் தாண்டி மேலே ஏறுகிற இடத்தில் ஒரு லாரி சிக்கிக்கொண்டு பாதையை அடைத்திருந்தது. பஸ், ஜீப் எல்லாம் நின்றுவிட்டன. அப்பா மட்டும் லாரியை ஒட்டி ஓரமாக ஏற்றினார். ஒரு பின்சக்கரம் சேற்றில் வெறுமனே சுழல, இன்னொன்று மட்டும்தான் கெட்டித் தரையில். சாதாரண வண்டியாக இருந்தால் என்ஜினின் வேகமெல்லாம் சேற்றில் சுழலுகிற சக்கரத்துக்கே போய்விடும், நல்ல சக்கரம் சும்மா நிற்கும், வண்டி நகராது. ஆனால் இந்த வண்டியின் பின் அச்சில் லிமிடெட் ஸ்லிப் என்று ஒரு சாமான் இருக்கிறது. அது இருந்தால் நல்ல சக்கரத்துக்கும் பங்கு போகும். அதனால் வண்டி ஏறிவிட்டது, அதனால்தான் சாயங்காலமாவது வர முடிந்தது, இல்லையென்றால் மறுநாள்தான் மகள் முகத்தைப் பார்த்திருப்பேன் என்பார்.

அம்மாவின் கதை வேறு. வழியில் ஒரு ரைஸ்மில் மாடியில் அந்தக் காலத்தில் சீட்டுக் கச்சேரி நடக்கும். அப்பாவும் உட்காருவார். "சீட்டாடிட்டு வந்தாரு. சேறு எங்கதான் கெடைக்கல?" அவ்வளவுதான். அப்பா போகிற வரைக்கும், முப்பது வருஷத்துக்கு மேல், இந்த ஒரு சண்டை. என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பாயசத்தோடு இதுவும் உண்டு.

அப்பா போன பிறகு கார் நான்கு வருஷம் கொட்டகையில் நின்றது. பக்கத்து வீட்டுக் கோழி டிரைவர் சீட்டில் முட்டையிட்டுப் பதினோரு குஞ்சு பொரித்தது. கொட்டகைக் கூரை சரிய ஆரம்பித்ததும் அம்மாவே விற்றுவிடலாம் என்றாள். நான் விளம்பரம் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். பழைய வண்டிகள் சேர்க்கிறவர். பேச்சு நன்றாகத்தான் போனது. கடைசியில், "பின் அச்சில லிமிடெட் ஸ்லிப் இருக்கா? இருந்தா எடுத்துக்கறேன், இல்லேன்னா வேண்டாம்" என்றார். போதாக்குறைக்கு, "உங்க பக்கத்துல ஒரு தரகர் இருக்காராமே, குத்தம் சொல்லி விக்கிறவரு. அவரு பாத்துச் சொன்னாப் போதும்" என்றும் சொன்னார். அவர் புகழ் கோயம்புத்தூர் வரை போயிருந்தது!

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வாசப்படி மிதிக்கக் கூடாதவரைக் கூப்பிட அம்மா எங்கே சம்மதிக்கப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு, "வரச் சொல்லு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இருக்குதா இல்லியான்னு தெரிஞ்சிடும் இல்ல?" என்றாள்.

அவளுக்குக் காரை விற்பதெல்லாம் அப்போதே மறந்துபோய்விட்டது என்பது எனக்குப் புரிந்தது. அந்தச் சாமான் இருந்தால் ஓடைக் கதை நடந்திருக்கலாம். இல்லையென்றால் சீட்டுதான். எனக்கு மட்டும் என்ன, எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. நான் பிறந்த நேரத்தில் என் அப்பா சேற்றில் வண்டி ஏற்றிக்கொண்டிருந்தாரா, ஜோக்கருக்குக் காத்துக்கொண்டிருந்தாரா?

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தரகர் வந்தார். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மா கும்பிடவில்லை. கோழியை விரட்டிவிட்டு வண்டியை மூன்று சுற்று வந்தார். பின்னால் தட்டினார். "ஒசரம் கம்மி. ஆனா எலும்பு நல்லாருக்குது" என்றார். முன் சக்கரங்களுக்குக் கல் அடை கொடுத்தார். இரண்டு ஜாக்கி வைத்துப் பின்சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கினார். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, இரண்டு டயரிலும் சாக்பீசால் ஒரு கோடு போட்டார். சாக்பீஸ் அம்மாவுடையது.

"இன்னா டீச்சர், கவனிச்சிக்குங்க" என்றார். "இந்தப் பக்கத்து சக்கரத்த நான் சுத்துவேன். அந்தப் பக்கத்து சக்கரமும் கூடவே இதே பக்கமா சுத்தினா அந்தச் சாமான் இருக்குதுன்னு அர்த்தம். எதிர்ப்பக்கமா சுத்தினா இல்ல. அவ்ளோதான். இதுல பேசறதுக்கு ஒண்ணும் கெடையாது."

அம்மா மறுபக்கச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அறுபத்து மூன்று வயது, முட்டி வலி. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சுற்றினார். அந்தப் பக்கத்துக் கோடு எதிர்த்திசையில் கிளம்பிப் போனது.

"இன்னொரு தடவ" என்றாள் அம்மா.

சுற்றினார். எதிர்த்திசை. மூன்றாம் தடவையும் அதேதான். எழுந்து கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"இல்லீங்க டீச்சர். சாதா வண்டிதான். அவரு சும்மா சொல்லியிருக்காரு."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப சீட்டுதான்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா சீட்டு பாப்பா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் ஓடை, லாரி, ரைஸ்மில் மாடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டார். ஜாக்கியை இறக்கி எடுத்துக்கொண்டு போனார். போகிற வழியிலேயே கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, "வண்டியில அந்தச் சாமான் இல்லீங்க" என்று சொல்லியும் விட்டார். கடமை!

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்ல? செத்துப்போய் நான்கு வருஷமான மனிதரோடு அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். அப்பா படத்துக்குப் பூ வைப்பது நின்றது. விளக்கு மட்டும் ஏற்றினாள், அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏற்றினாள். அப்பாவுக்குப் பிடித்த பக்கோடா செய்வதை நிறுத்தினாள். செய்யாததற்கு நான்தான் பட்டினி. ஒருநாள் கூட்டிப் பெருக்கிக்கொண்டே, "நான் அங்க வலியில கத்திக்கினு இருக்கறேன். இவரு ராணிய தேடிக்கினு இருந்திருக்காரு" என்று படத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் சீட்டு, சீட்டு என்று சண்டை போட்டாளே தவிர, மனசுக்குள் எங்கேயோ அந்த ஓடையை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அதையும் ஒரு மனிதர் வந்து மூன்று சுற்றில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து வாசலில் பைக் சத்தம். அவர்தான். பின்னால் கறை படிந்த சட்டையோடு ஓர் இளைஞர், மடியில் ஸ்பானர் மூட்டை. தரகர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"டீச்சர், மொதல்ல என் குத்தத்த சொல்லிடறேன்."

அம்மா கதவருகே வந்து நின்றாள்.

"நான் தப்பா சொல்லிட்டனோன்னு இருக்குது. மலைக்கு ஒரு ஜீப்பு குடுக்கப் போயிருந்தேன். ஒங்க வண்டி கதைய இவருக்கிட்ட சொன்னேன். இவரு வெள்ளிமலையில ஜீப்பு மெக்கானிக்கு. மனுசன் என்ன புடிச்சித் திட்டிட்டாரு."

"திட்டலீங்க" என்றார் மெக்கானிக் கூச்சத்தோடு. "தொறந்து பாக்காம எப்டி இல்லன்னு சொன்னீங்கன்னு கேட்டேன். அவ்ளோதான். அந்தச் சாமானுக்குள்ள தட்டு தட்டா அடுக்கியிருக்கும்மா. அந்தத் தட்டுங்க ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கினு இருக்கறதாலதான் ரெண்டு சக்கரமும் ஒரே பக்கம் சுத்தும். தட்டு தேஞ்சிபோச்சின்னா புடிமானம் போயிடும். அப்ப கையால சுத்தினா சாதா வண்டி மாதிரிதான் எதிர்ப்பக்கம் போவும். ஏலத்துல எடுத்த ஜீப்பு ஒண்ணுல நானே பாத்திருக்கறேன். எதிர்ப்பக்கம் சுத்துதுன்னா ஒண்ணு சாமான் இல்ல, இல்லாட்டி இருந்து தேஞ்சிருக்குது."

தரகர் தலையைக் குனிந்துகொண்டார். "கெழட்டு மாடு இழுக்கலன்னா, மாடே இல்லன்னு சொன்ன கத ஆயிடுச்சிங்க. இத்தன வருசத்துல நான் இப்டி சொன்னதில்ல. நீங்க திட்டறதுன்னா திட்டிடுங்க. அப்பறம் வண்டியத் தொறக்கறோம்."

"மொதல்ல தொறங்க" என்றாள் அம்மா. "திட்டறத அப்பறம் பாக்கலாம்."

இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் போனார்கள். பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கிற பகுதியின் மூடியைச் சுற்றி இருந்த போல்ட்டுகளைக் கழற்றினார்கள். எண்ணெய் பிடிக்க ஒரு பாத்திரம் வேண்டும் என்றார் மெக்கானிக். அம்மா போய்ச் சோறு வடிக்கிற அலுமினியப் பாத்திரத்தை எடுத்துவந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அதில் கறுப்பு எண்ணெய் கொட்ட ஆரம்பித்துவிட்டது. நாற்றம் தெருக்கோடி வரை போனது. மெக்கானிக் உள்ளே டார்ச் அடித்து, துணியால் துடைத்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இருக்குதும்மா" என்றார்.

அம்மா முட்டி வலியையும் பார்க்காமல் மண்ணில் படுத்துவிட்டாள். நானும் படுத்தேன். பல்சக்கரங்களுக்குப் பக்கத்தில், டார்ச் வெளிச்சத்தில், தட்டுகளின் ஓரம் அடுக்கடுக்காகத் தெரிந்தது.

"மூணு தடவ சுத்தி இல்லன்னு சொன்னேனே" என்று தரகர் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

மெக்கானிக் மீட்டரைப் பார்க்கச் சொன்னார். பார்த்துச் சொன்னேன். உச்சுக் கொட்டினார். "வண்டி அவ்ளோவா ஓடவே இல்ல. ஆனா மொழுமொழுன்னு தேஞ்சிருக்குது. ரோட்டுல ஓட்டினா இப்டி தேயாதும்மா. ஒரு சக்கரம் புடிமானம் இல்லாம சுத்த, சேத்துல கீத்துல ஏத்தி அடிச்சிருக்கணும். நல்லா அடிச்சிருக்கணும்."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். புடவையெல்லாம் மண், கன்னத்தில் எண்ணெய். "ஓடையிலயா?" என்று கேட்டாள்.

"எந்த எடம்னு அதுல எழுதியிருக்காதும்மா" என்றார் மெக்கானிக். நல்ல பையன், தெரிந்ததைத்தான் சொல்வான்.

அம்மா தரகர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. அன்னிக்கி அவரு ஓடையில ஏறி வந்தாரா, சீட்டாடிட்டு வந்தாரா?"

எனக்குப் பதில் தெரியும். ஊருக்கே தெரியும். பாக்கல, சொல்ல மாட்டேன். அந்த மனிதருக்கு வேறு பதில் கிடையாது. பாழாய்ப்போன சட்டம், இவளுக்கு இன்னும் இரண்டு வாரம் அழுகை என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"ஓடையில ஏறித்தாங்க வந்தாரு" என்றார்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். நான் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தேன். 'ஆனா' என்று ஒன்று வரும். 'மத்தபடி' என்று ஒன்று வரும். வரவே இல்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

அம்மா அங்கேயே, எண்ணெய்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், அப்பாவிடம் சொல்கிற மாதிரி, "பாவி மனுசா, நெசத்தக்கூட ரீலு மாதிரியே சொல்லிட்டுப் போயிட்டியே!" என்று அழுதாள். அழுதாளா, சிரித்தாளா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

அவர்கள் கிளம்பும்போது நான் கேட் வரைக்கும் போனேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, அன்னிக்கி நீங்க அந்த ஓடைப் பக்கம் இருந்தீங்களா? பாத்தீங்களா?"

பைக்கை உதைத்தபடியே, "பாக்கல பாப்பா" என்றார்.

"அப்பறம் எப்படிச் சொன்னீங்க?"

வண்டி கிளம்பவில்லை. இன்னொரு தடவை உதைத்தார். காது மடல் சிவந்திருந்தது.

"குத்தம்தான்" என்றார். "நீ ஒருத்தி தெரிஞ்சி வெச்சிக்கோ. டீச்சருக்குச் சொல்லாத."